தார்ரோட்டில் காயவைத்த இலுப்பை விதை

என் கால் நோவு பொய், மகன். மூன்று மாதமாக வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறேனே, அது முழுப் பொய். உன் உம்மா முதல் கிழமையே கண்டுபிடித்துவிட்டாள். திங்கட்கிழமை வலது காலை இழுத்தேனாம், வியாழக்கிழமை இடது காலை இழுத்தேனாம். "நொண்டுறதெண்டா ஒரு காலத் தீர்மானிச்சுப்போட்டு நொண்டுங்க, பாக்கிற எனக்குத் தலை சுத்துது" என்றாள். அன்றிலிருந்து வலது கால் என்று முடிவெடுத்தேன். நீ பாவம், நம்பிவிட்டாய். பஸாருக்குப் போய் ஒரு போத்தல் எண்ணெய் வாங்கி வந்து, அஸர் தொழுதுவிட்டு வந்ததும் ஒவ்வொரு நாளும் என் முழங்காலில் தேய்த்துவிட்டாய். நல்ல எண்ணெய். நோவில்லாத காலுக்கும் சுகமாகத்தான் இருந்தது. நான் நொண்டியதற்கு ஒரே ஒரு காரணம்தான். ஆற்றோரத்தில் நீ போட்டிருக்கும் நாற்றுமேடைக்கு, "வாங்க வாப்பா, ஒருக்கா வந்து பாருங்க, எங்க பிழைச்சதெண்டு எனக்கு விளங்குதில்ல" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். எனக்கு வரப் பயமாக இருந்தது. வாப்பாவுக்கு யானைப் பயம் என்று நீ நினைத்திருப்பாய். யானைக்கும் பயந்தவன்தான் நான். அதைவிடப் பெரிய பயம், அங்கே வரிசை வரிசையாக நிற்கும் கறுப்புப் பொலித்தீன் பைகளைப் பார்ப்பது. எல்லாப் பையிலும் மண் இருக்கிறது, ஒன்றிலும் கன்று இல்லை. ஏன் இல்லை என்பது அப்போது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதற்றத்தில் ஸலாம் சொல்லவும் மறந்துபோனேன். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னை எந்த நாட்டிலும் காப்பாற்றட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதற்கு முன் நான் எழுதிய நீளமான எழுத்து, உரம் கேட்டுக் கொடுத்த விண்ணப்பம். அதிலும் பெயர் எழுதும் இடத்தில் ஊரை எழுதிவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகத்துக்கு நேரே சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். மூன்று தரம் சொல்ல வாய் திறந்தேன். மூன்று தரமும் பகிடிதான் வெளியே வந்தது. கடைசித் தரம் நீ சிரித்தாய், நானும் சேர்ந்து சிரித்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அதனால் எழுதுகிறேன். இதை மடித்து உன் பெட்டிக்குள் மட்டும் வைக்கப் போவதில்லை. இன்னொரு பிரதியை ஆதம்பாவா காக்காவின் தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒட்டப் போகிறேன். நான் செய்த கெடுதியில் பாதியை அந்தக் கடை வாங்குப் பலகையில் இருந்துதான் செய்தேன்.

இன்னும் எட்டு நாளில் நீ கட்டாருக்குப் போகிறாய். உள் அறையில் உன் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிப் போகிறேன், பெட்டி என்னைப் பார்த்து ஏதோ கேட்கப் போவதுபோல. இருபத்தாறு வயதில் பிள்ளைகள் வெளிநாடு போவது எங்கள் ஊரில் புதினமான காரியம் இல்லை. நீ சம்பளத்துக்காகப் போகிறாய் என்றால் நான் சந்தோஷமாக உன் பெட்டியில் கருவாடு கட்டித் தந்திருப்பேன். ஆனால் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு அக்கரைப்பற்று முகவரிடம் போன அன்று, வாசலில் நின்று நீ உம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "என்ட கைக்கு ஒண்டும் முளைக்காது உம்மா. வேற ஆக்களாவது வந்து ஒழுங்கா நடட்டும்." அந்த வசனத்தைச் செய்தவன் நான். செய்தவன் நான் என்று தெரியாமலே நீ அதைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறப் போகிறாய். அதுதான் பயம். மற்றதெல்லாம் சில்லறைப் பயம்.

பயத்தைப் பற்றிச் சொல்வதென்றால் அந்த நிலத்தில் இருந்து தொடங்க வேண்டும். நீ நாற்றுமேடை போட்டிருக்கும் ஆற்றோரம் ஒருகாலம் என் வாப்பா காடு வெட்டிப் பயிர் செய்த சேனை. சோளமும் நிலக்கடலையும் போட்டார், நடுவில் ஒரு புளியங்கன்று வைத்தார். பிறகு யுத்தம், பிரச்சினைக் காலம் வந்தது. அந்தப் பக்கம் போனவர்கள் சிலர் திரும்பி வரவில்லை. ஒரு நாள் சோளம் முற்றி நிற்கும்போதே வாப்பா மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார், பிறகு போகவே இல்லை. யாரும் போகவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அந்த நிலத்தை எங்கள் பயம்தான் வேலி போட்டுக் காவல் காத்தது. முதலில் இலுக்குப் புல் வந்தது, பிறகு இலந்தையும் மற்ற முள்ளும் வந்தது, முள்ளில் குருவி வந்து இருந்தது, குருவி போட்ட எச்சத்தில் மரம் வந்தது. இதெல்லாம் நீ எனக்குப் படிப்பித்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நாங்கள் பயந்து ஓடிய இடத்தில் காடு பயமில்லாமல் வந்து குந்திக்கொண்டது என்பதுதான்.

அந்தக் காட்டில் உன்னை முதன்முதல் சேர்த்துவிட்டவனும் நான்தான். அந்தக் கதையை ஊருக்கு நான் சொன்ன விதம் வேறு, நடந்த விதம் வேறு. நீ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருந்த வருஷம். எங்கள் எருமை ஒன்றைக் காணவில்லை. பின்னேரம் இரண்டு பேரும் பழைய சேனைக்குள் தேடிப் போனோம். புளியமரத்துக்குக் கிட்டப் போகும்போது புல் அசைந்தது, எருமை என்று நினைத்து நான் "ஹை ஹை" என்று கூப்பிட்டேன். தலையைத் தூக்கியது எருமை இல்லை, ஒற்றை யானை. ஊரில் நான் சொன்னது, "மகனைப் பத்தைக்க தள்ளிக் காப்பாத்திப்போட்டுத்தான் நான் மரத்தில ஏறின" என்று. நடந்தது என்னவென்றால், நீ எங்கே நின்றாய் என்றே நான் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது நான் புளியமரத்து இரண்டாம் கவட்டில் இருந்தேன். என் சாரன் கீழே கிடந்தது. யானை அதை மோந்து பார்த்துவிட்டு, அதற்கு விருப்பமில்லை போலும், புல்லைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. உன்னைக் காணவில்லை. கூப்பிடவும் பயம். என் குரலைக் கேட்டு அது என் பக்கம் வந்துவிடுமே என்ற பயம், மகன். அதை எழுதும்போது பேனை நிற்கிறது.

யானை போக வெகுநேரம் எடுத்தது. போன பிறகும் நான் இறங்கவில்லை. இலந்தைப் பற்றைக்குள் இருந்து நீ தவழ்ந்து வெளியே வந்தாய். முதுகெல்லாம் கீறல், சேட்டுக் கிழிந்து தொங்கியது. நீ என்னை நிமிர்ந்து பார்த்தபோது, ஏன் விட்டுவிட்டு ஏறினீர்கள் என்று கேட்கப் போகிறாய் என்று மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீ கேட்டது வேறு. "வாப்பா, புல்லுக்க ஒரு கன்றும் இல்ல, இந்த முள்ளுக்க மட்டும் ஏன் இவ்வளவு கன்று? மூக்கில முட்டுது. நாவல், வீரை, இன்னும் பேர் தெரியாதது." எனக்கு எப்படித் தெரியும்? நான் அரை நிர்வாணமாக மரத்தில் இருக்கிறேன். "முதல்ல அந்தச் சாரன எடுத்துத் தா, மறுகா கன்றக் கதைப்பம்" என்றேன். அதற்குப் பிறகு நீ அதே பற்றைக்குப் பத்துத் தரம் போனாய். புல்லுக்குள் விழுந்த விதையை எலி தின்னும், தப்பினால் மாடு மிதிக்கும், அதிலும் தப்பினால் கோடையில் வைக்கிற தீ தின்னும். முள்ளுக்குள் விழுந்தது மட்டும் பிழைக்கும் என்று நீயாகவே கண்டுபிடித்து வந்து சொன்னாய். அந்தப் பைத்தியம்தான் உன்னை அந்தக் காடு வளர்க்கிற திட்டத்தில் வேலைக்குச் சேர்த்தது. ஊரில் நான் என் கதையைச் சொன்னபோதெல்லாம் நீ பக்கத்தில் இருந்து தலையாட்டினாய். ஒரு தரம்கூட "இல்லை வாப்பா" என்று சொல்லவில்லை. உன் வாப்பாவின் பயத்தை எட்டு வருஷமாக நீ மூடி வைத்திருக்கிறாய். நான் உனக்கு என்ன செய்தேன் என்று இனிமேல் கேள்.

இந்த வருஷத்து ஆடி, ஆவணி மாதம். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று ஊதிக்கொண்டிருந்தது. ஆற்றோரத்துப் பெரிய நாவல் மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் ஏறி இறங்கி, வௌவால் சப்பிப் போட்டதையும் பொறுக்கி, நீ விதை சேர்த்தாய். அந்த மரங்கள் ஒவ்வொரு வருஷமும் அப்படிக் காய்ப்பதில்லை என்றாய். பெரிய விதை, தானாகத் தூரம் போகாது, புல் பிடித்த பக்கத்துக்கு மனிதன்தான் கொண்டுபோக வேண்டும் என்றாய். பையில் போடுவதற்கு முன் உன்னைப் பயிற்சிக்கு என்று பத்து நாள் பேராதனைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நாற்றுமேடையில் வைத்தால் குரங்கு கிண்டும் என்று, இரண்டு பேசின்களில் ஈர மணலுக்குள் விதையைப் போட்டு, நனைத்த சாக்கால் மூடி, எங்கள் குசினித் தாழ்வாரத்தில் வைத்தாய். "வாப்பா, இது நெல்லு மாதிரி இல்ல. நெல்லு காஞ்சா உறங்கும், நனைச்சா எழும்பும். இந்த விதைக்கு உறங்கத் தெரியாது. காஞ்சாச் செத்துரும். தண்ணி மட்டும் தெளிங்க, வேற ஒண்டும் செய்யாதீங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உறங்காட்டி நான் தாலாட்டுப் பாடவா?" நீ சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாய். அந்தப் பகிடியைச் சொல்லும் நேரம் நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

நான்காம் நாள் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். விதைகளில் வெள்ளை வெள்ளையாக வால் கிளம்பியிருந்தது. முப்பது வருஷமாக வயல் செய்தவனுக்கு அந்த வாலைக் கண்டால் என்ன தோன்றும்? மாரி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது, இப்போதே முளைத்தால் விதை பாழ். மூடைக்குள் முளைத்த விதைநெல்லைக் கண்டவன் கொஞ்சம்கூட யோசிக்கமாட்டான். மகன் நம்பித் தந்துவிட்டுப் போனது என் கையில் கெட்டுப்போகிறதே என்று உண்மையாகவே பயந்தேன். உனக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால், நாலு நாளுக்குள் கெடுத்துவிட்டீர்களா என்பாயோ என்று அதற்கும் பயம். அந்தக் கிழமை உன் உம்மா தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள், எங்கள் சிறுபோக நெல் ரோட்டோரம் விரித்த படங்கில் காய்ந்துகொண்டிருந்தது. வால் நீளமாக வந்த விதைகளைக் கெட்டது என்று பொறுக்கி, குசினித் தண்ணீர் ஓடும் வாழையடியில் கொட்டினேன். மற்றவற்றைக் கழுவி, நெல்லுக்குப் பக்கத்தில் சுடுகிற தார்ரோட்டில் பரப்பினேன். இரண்டு நாள். அரைமணிக்கு ஒருதரம் காலால் கிளறிவிட்டேன், நெல்லைக் கிளறுவதுபோலவே. இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு இலுப்பை விதையைப் பல்லுக்கு இடையில் வைத்துக் கடித்துப் பார்த்தேன். டக்கென்று உடைந்தது. "நல்ல பதம்" என்று ரோட்டால் போன ஆளிடம் சொன்னேன். வாய் முழுக்கக் கைப்பு. அந்தக் கைப்பாவது எனக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

நீ வருவதற்கு முதல் நாள்தான் ஈரம் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. விதைகள் சுருங்கிப்போய்க் கிடந்தன. ஒரு பகல் முழுக்க வாளியில் ஊறப்போட்டேன், ஊதிப் பெருத்துப் பழையபடி ஆகின. திரும்ப மணலுக்குள் புதைத்து, சாக்கை நனைத்து மூடினேன். நெல் அப்படித்தானே, காய்ந்தது நனைந்தால் மூன்று நாளில் எழும்பும், இதுவும் எழும்பும் என்று நினைத்தேன். நீ வந்து சாக்கைத் தூக்கி, ஒரு விதையை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாப் பாத்திரிக்கீங்க வாப்பா" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை, அன்று எனக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது.

தெரிந்தது மூன்று கிழமைக்குப் பிறகு. நீ ஒரு பையைக் கிளறி விதையை எடுத்து வந்து, முற்றத்தில் குந்தியிருந்து கத்தியால் பிளந்தாய். உள்ளே மண்ணிறம். அழுகல் மணம். "உசிரில்ல வாப்பா" என்றாய். இன்னொன்று பிளந்தாய். இன்னொன்று. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாய்: "நான் இல்லாத நேரம் இது காயல்லதானே?" புளியமரத்து அடியில் நின்று நிமிர்ந்து பார்த்த அதே கண். நான் இரண்டாம் தரமும் மரத்தில் ஏறினேன். "காயிறதா? தண்ணி தெளிச்சுத் தெளிச்சு என்ட கைதான் முளைச்சுப்போச்சு" என்றேன். நீ கொஞ்ச நேரம் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "அப்ப பிழை என்டதான்" என்றாய். ஆற்று வளைவில் பிந்திக் காய்க்கிற ஒற்றை இலுப்பை ஒன்று நிற்கிறதே, அதில் அப்போதும் பழம் இருந்தது. பத்து நாளாவது விழுந்திருக்கும். அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அடுத்த நாளே போய்ப் பொறுக்கியிருப்பாய். விதையைக் காயவைத்தது அறியாமை, அதை அல்லாஹ் மன்னிப்பான் என்று நம்புகிறேன். அந்தப் பத்து நாள் வாயை மூடிக்கொண்டு நொண்டியது அறியாமை இல்லை. நீ மண்ணை மாற்றினாய், சாணத்தை மாற்றினாய், கிணற்றுத் தண்ணீரில் உப்பு என்று ஆற்றுத் தண்ணீர் அள்ளினாய். நான் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கக் காலை நீட்டிக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. தேத்தண்ணிக் கடையில் ஆதம்பாவா காக்கா கேட்டார், "என்ன தம்பி, மகன்ட காடு எப்பிடி?" என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாராவது தார்ரோட்டு விஷயத்தைக் கதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் முந்திக்கொண்டேன். "அத ஏன் கேக்கிறீங்க காக்கா, அவன்ட கையால வெளக்குக் கம்பம் நட்டாலும் வெளிச்சம் வராது." கடை சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டதும் எனக்குப் பயம் விட்டது, அதனால் அடுத்த நாளும் சொன்னேன். ஒரு கிழமையில் அது என் வாயை விட்டு இறங்கி ஊருக்குள் நடக்கத் தொடங்கியது. பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிவாசல் வளவில் தென்னங்கன்று வைக்கும்போது வரிசையில் உன் முறை வந்தது, நீ கையை நீட்டினாய். கன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டே உன்னைத் தாண்டி அடுத்தவர் கையில் கொடுத்தார். "நீங்க தண்ணி ஊத்துங்க தம்பி, அது போதும்." கெட்ட மனிதர் இல்லை, பகிடிதான், என் பகிடி. நீட்டிய உன் கை வெறுமனே திரும்பி வந்து சாரனில் துடைத்துக்கொண்டதை மூன்றாம் வரிசையில் நின்று நான் பார்த்தேன். அதற்கு அடுத்த திங்கட்கிழமை நீ அக்கரைப்பற்றுக்குப் போனாய்.

நான் இந்தப் பொய்யோடு மையவாடிக் குழிக்குள் போயிருப்பேன், மகன். என்னைப் பிடித்துத் தந்தது உன் உம்மா, அதுவும் வாழைக்குலை வெட்டப் போய். மாரி தொடங்கி இரண்டு கிழமை. குசினிக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டாள். "இஞ்சாருங்க, இஞ்ச கொஞ்சம் வாங்க. ரெண்டு காலாலயும் வாங்க." போனேன். வாழையடியில், அடுப்புச் சாம்பலும் மீன் கழுவின தண்ணீரும் போகிற சேற்றில், கன்று நிற்கிறது. ஒன்று இரண்டு இல்லை. இலுப்பைக்குச் செம்பு நிறத்தில் தளிர். நாவல் கன்று ஒரு விதையில் இருந்தே இரண்டு மூன்றாகக் கிளம்பியிருக்கிறது. இலையைக் கசக்கி மோந்து பார்த்தாள். "இது அவன் கொண்டுவந்த நாவல்தானே? மணல்ல கிடந்தது இஞ்ச எப்பிடி வந்த?" என்றாள். நான் என் காலைப் பிடித்துக்கொண்டு "ஆ" என்றேன். அவள் அசையவில்லை. அப்படியே சேற்றில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், தார்ரோடு, வாளி, கத்தி, வெளக்குக் கம்பம், எல்லாவற்றையும். கேட்டு முடித்துவிட்டு, "நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள். "பயமாயிரிக்கி" என்றேன். "எனக்கும்தான். அவன் போயிருவான்" என்றாள். முப்பது வருஷத்தில் அவளுக்குப் பயம் என்று அவள் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

கவனமாகக் கேள். நான் கெட்டது என்று எறிந்ததெல்லாம் நிற்கிறது. நல்லது என்று காப்பாற்றினதெல்லாம் செத்தது. மரமும் நல்லது, விதையும் நல்லது, அதைப் பொறுக்கிய கையும் நல்லது. இதை நான் என் கண்ணால் வாழையடியில் பார்த்தேன், நீயும் போய்ப் பார். நேற்று உங்கள் திட்டத்தை நடத்துகிற சேருக்குப் போன் எடுத்து இதே கதையைச் சொன்னேன். அவர் அதை இரண்டு தரம் சொல்லவைத்தார். என் காது சுட்டது. பிறகு, "ரோட்டிலயா காயவச்ச?" என்றார். "ஓம் சேர், கார்பெட் ரோட்டில" என்றேன். பிறகு, "இப்ப உசிரோட எவ்வளவு நிக்குது?" என்று கேட்டார். மாரி முடியுமுன் நட்டால் நடலாம், ஆனால் முள்ளுக்கு நடுவில் இடம் பார்த்து நடத் தெரிந்த ஆள் வேண்டும், அந்த வேலை தெரிந்த ஆள் கட்டாருக்குப் போகிறாராமே என்றார். "அத அவனிட்டத்தான் கேக்கணும் சேர்" என்றேன். உன்னைக் கேட்காமல் உனக்காக ஒரு சொல்லும் கொடுக்கமாட்டேன். அந்தப் பழக்கம் இனி இல்லை.

போகாதே என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை. போவதென்றால் போ, ஆனால் என் பொய்யைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போகாதே. அங்கே தெரியாத வேலை தந்தால் தெரியாது என்று சொல்லு. தெரிந்தவன் மாதிரி நடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ரோட்டோரம் சாட்சி. பயம் வந்தால் பயம் என்று யாரிடமாவது சொல்லு, அது கேவலம் இல்லை. நீ முள்ளுக்குள் படுத்திருந்தபோது உனக்கும் பயம் இருந்திருக்கும், அந்தப் பயத்தோடு நீ கண்ணைத் திறந்து வைத்திருந்தாய். நான் கண்ணை மூடினேன், அவ்வளவுதான் எங்கள் இருவருக்கும் வித்தியாசம். ஓயாமல் பகிடி விடுகிற மனிதன் கூட இருந்தால், அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று ஒருதரம் பார்த்துக்கொள். எனக்கு இப்போது இருக்கிற பயம் இரண்டு. நீ இதை வாசித்துவிட்டு என்னைப் பார்க்கும் அந்த முதல் பார்வை ஒன்று. அதைவிட மோசமானது, நீ வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் மன்னித்துவிட்டு, எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து உட்காருவது. அதை மட்டும் செய்யாதே. ஒரு தரமாவது ஏன் விட்டுவிட்டு ஏறினீர்கள் என்று கேள்.

இன்று காலை கன்றுகளுக்கு உம்மாவின் தையல் பெட்டியில் இருந்து நீல நூல் எடுத்து, நீ காட்டில் அடையாளத்துக்குக் கட்டுவதுபோலவே ஒவ்வொன்றாகக் கட்டினேன். ஒரு இலுப்பைக் கன்றை வேரோடு கிண்டி, யோகட் கோப்பையில் வைத்து, அத்தாட்சியாக இருக்கட்டும் என்று இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வாசற்படியில் வைத்துவிட்டு ளுஹர் தொழப் போனேன். வந்து பார்த்தால் அடுத்த வீட்டு ஆடு கன்றைத் தின்றுவிட்டது. கடிதத்தின் மூன்றாம் பக்க மூலையையும் கொஞ்சம் தின்றிருக்கிறது, அங்கே முக்கியமாக ஒன்றும் இல்லை, என் சாரன் விழுந்த இடம்தான். மற்றக் கன்றுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று ரோட்டுக்கு அங்கால் இலந்தை முள் வெட்டி வந்து வாழையடியைச் சுற்றி அடைத்தேன். அடைக்கும்போது ஒரு முள் உள்ளங்காலில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. இடது கால். நொண்டிக்கொண்டு குசினிக்குள் போனேன். உன் உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்த்தாள். "வலதுதானே தீர்மானிச்ச" என்று சொல்லிவிட்டு, மீனைத் திருப்பிப் போட்டாள்.